மொச்சையூரார் பெண் பார்க்கப் போனது

மொச்சையூருக்கும் தட்டாங்காட்டுக்கும் நடுவில் ஒரு ஆறு ஓடுகிறது. பெரிய ஆறு ஒன்றும் இல்லை, வேட்டியை மடித்துக் கட்டினால் தாண்டிவிடலாம். ஆனால் இந்தக் கரையில் செய்கிற எதையும் அந்தக் கரையில் அதே மாதிரி செய்யமாட்டார்கள். மொச்சையூர்ப் பந்தியில் 'போதும்' என்றால் 'இன்னும் கொஞ்சம் போடு' என்று அர்த்தம். தட்டாங்காட்டில் 'போதும்' என்றால் போதும்தான், அப்புறம் உங்கள் இலைப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். மொச்சையூரில் அன்பு கூடினால் சத்தம் கூடும். தட்டாங்காட்டில் அன்பு கூடினால் பேச்சே நின்றுவிடும். எனக்கு இரண்டு ஊரிலும் சொந்தம் உண்டு. நான் எப்போதும் பேசுகிற அளவுதான் பேசுகிறேன். மொச்சையூரில் என்னை ஊமை என்கிறார்கள், தட்டாங்காட்டில் வாயாடி என்கிறார்கள்.

இலை மடிக்கிற விஷயம் இன்னும் மோசம். மொச்சையூரில் நல்ல காரியத்தில் சாப்பிட்டு முடித்தால் இலையை எதிர்ப்பக்கமாகத் தள்ளி மடிப்பார்கள். மிச்சம் மீதி சோறு போட்டவர் பக்கமே போகட்டும், அவர் வீடு நிறையட்டும் என்று எண்ணம். தட்டாங்காட்டில் நல்ல காரியம் என்றால் இலையைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் மடிப்பது சாவு வீட்டில் மட்டும்தான். நான் இரண்டு ஊரிலும் இலையை மடிக்காமலே எழுந்து ஓடிவந்துவிடுவேன்.

மொச்சையூரில் பூவலிங்கம் என்று ஒருவன் இருந்தான். நல்ல மனசு, நாலு பசுமாடு, நாற்பதைத் தொடப்போகிற வயசு. உள்ளூரில் இருக்கிற பெண்கள் எல்லாரும் அவனுக்குத் தங்கை முறை. அதனால் அக்கரையில் போய்த்தான் பெண் கேட்க வேண்டும். முதலில் போன வீட்டில் மரியாதைக்கு 'போதும்' என்று சொல்லிவிட்டுப் பசியோடு எழுந்தார்கள், கோபத்தில் பெண் வேண்டாம் என்று வந்துவிட்டார்கள். இன்னொரு வீட்டில் வாசலிலேயே அன்பாகப் பேசினார்கள். அடிக்க வந்திருக்கிறார்கள் என்று பயந்து வீட்டுக்காரர்கள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். இப்படியே ஒவ்வொரு வீடாகப் போய், கடைசியில் தட்டாங்காட்டில் ஒரே ஒரு வீடுதான் பாக்கி இருந்தது. சங்கிலியாண்டி வீடு. அவர் மகள் தங்கப்பேச்சிக்கும் வயசு ஏறிக்கொண்டே போனது.

இந்த இடமும் தவறினால் அவ்வளவுதான் என்று பூவலிங்கத்துக்குத் தெரியும். பாவம், சோறு இறங்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதுகூட "கிடைக்குமா?" என்று மாட்டைக் கேட்டான்.

தரகர் கருத்தமுத்து இந்தத் தடவை ஜாக்கிரதையாக இருந்தார். கிளம்பும் முன்னால் நாலு பேரையும் உட்காரவைத்தார். மாப்பிள்ளை பூவலிங்கம், அவன் அக்கா செவனம்மாள், அக்கா புருஷன் ஒச்சப்பன், தாய்மாமன் கொப்பையா.

"இங்க பாருங்க, உங்க ஊர் வழக்கத்த அங்க கொண்டுபோகாதீக," என்றார். "அவுக என்ன செய்றாகளோ அதையே நீங்களும் செய்ங்க. அவுக ஒண்ணு சொன்னா மறுத்துப் பேசாதீக. பூவலிங்கம், நீ தலையக் குனிஞ்சு அசையாம உக்காரு. அதுதான் அங்க மரியாதை."

"எம்புட்டு நேரம் அசையக் கூடாது?" என்று பூவலிங்கம் கேட்டான்.

"கல்யாணம் முடிவாகிற வரைக்கும்."

தரகர் முந்தின நாளே அக்கரைக்குப் போய்ச் சங்கிலியாண்டியிடமும் பேசியிருந்தார். "அவுக வேற மாதிரி ஆளுங்க. என்ன செஞ்சாலும் அது அவுக ஊர் வழக்கம்னு நினைச்சுக்கங்க, சிரிச்சிடாதீக," என்று சொல்லியிருந்தார். இப்படி இரண்டு பக்கமும் புத்தி சொன்னவர், புறப்படுகிற நேரத்தில் வயிற்றுவலி வந்து படுத்துவிட்டார். இவ்வளவு சொன்னபிறகு, தான் எதற்குக் கூடப் போக வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றியது.

தட்டாங்காட்டில் சங்கிலியாண்டியும் அவர் மனைவி மாடத்தியும் வாசலில் நின்று கும்பிட்டார்கள். "வாங்க, வாங்க" என்றார்கள்.

கொப்பையா தெருவில் நின்று கும்பிட்டார். "வாங்க, வாங்க."

சங்கிலியாண்டி மனைவியைப் பார்த்தார். மொச்சையூரில் விருந்தாளிதான் வீட்டுக்காரரைக் கூப்பிடுவார் போலிருக்கிறது என்று புரிந்துகொண்டு, தெருவில் இறங்கினார். அவர் இறங்கினதால் இவர்கள் வாசலில் ஏறினார்கள். இப்போது இவர்கள் வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்றார்கள். சங்கிலியாண்டி தன் வீட்டுக்குள் விருந்தாளியாக நுழைந்தார். மாடத்தி கூச்சத்தோடு, "உங்க வீடு நல்லா இருக்குங்க" என்றாள்.

பூவலிங்கம் கூடத்தில் பாயில் போய் உட்கார்ந்தான். தலையைக் குனிந்தான், அசையாமல் இருந்தான். தட்டாங்காட்டில் பெண்ணை மாப்பிள்ளைக்குக் காட்டமாட்டார்கள். பெண்தான் உள்ளறை ஜன்னல் வழியாக மாப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். தங்கப்பேச்சி பார்த்தாள். இவ்வளவு நேரம் மேலே ஈ உட்கார்ந்தும் கையை ஆட்டாத ஆம்பிளையை அவள் பார்த்ததில்லை. "அம்மா, எனக்குப் பிடிச்சிருக்கு" என்று காதோடு சொன்னாள்.

இலை போட்டார்கள். சங்கிலியாண்டி சாம்பார் வாளியை எடுத்து ஊற்ற ஆரம்பித்தார். கொப்பையா யோசித்தார். அவர் பரிமாறுகிறார், நாமும் பரிமாற வேண்டும். எழுந்துபோய் ரசச் சட்டியை எடுத்துவந்து, நின்றுகொண்டிருந்த சங்கிலியாண்டியிடம் "கையை நீட்டுங்க" என்றார். சங்கிலியாண்டி மறுபேச்சு பேசாமல் இரண்டு கையையும் சேர்த்து நீட்டி ரசம் வாங்கிக் குடித்தார். கை வெந்தது. சிரிக்கக் கூடாது என்றுதான் தரகர் சொல்லியிருந்தார், அழக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் கொஞ்சம் கண்ணீர் விட்டார்.

"அவரு கண்ணு கலங்குது, மாமா" என்றான் ஒச்சப்பன்.

"அன்பு. இந்த ஊர்ல அன்பு கூடினா பேசமாட்டாக" என்றார் கொப்பையா.

சாப்பிட்டு முடிந்தது. இலையை மடிக்க வேண்டும். இங்கேதான் சிக்கல் வந்தது. தட்டாங்காட்டில் விருந்தாளிகள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வீட்டார் உட்காருவார்கள். பார்த்துச் செய்ய ஒரு இலையும் இல்லை.

"எந்தப் பக்கம் மடிக்கிறது?" என்று ஒச்சப்பன் மெல்லக் கேட்டான்.

"அவுக மடிக்கிற மாதிரி" என்றார் கொப்பையா.

"அவுக சாப்பிடவே இல்லையே, மாமா."

"அப்ப நாமளும் சாப்பிட்டிருக்கக் கூடாது. தப்பாப் போச்சு."

"சாப்பிட்டதை இனிமே என்ன பண்றது?"

செவனம்மாள்தான் முடிவு சொன்னாள். "தெரியாத இடத்துல மரியாதை ஒரு படி கூடப் போனா தப்பில்ல. நல்லா தள்ளியே மடிப்போம்." நாலு பேரும் இலையை எதிர்ப்பக்கமாக, அழுத்தமாக, சத்தம் கேட்கிற மாதிரி மடித்தார்கள்.

மாடத்தி கையிலிருந்த பாயசச் செம்பு கீழே விழுந்தது.

சங்கிலியாண்டி மனைவியைத் தனியாகக் கூப்பிட்டார். "பாத்தியா? வீட்ல சாவை வச்சுக்கிட்டு வந்திருக்காக. வாயால சொல்ல மனசு வராம இலையில சொல்லியிருக்காக. எம்புட்டு நாகரிகமான சனங்க!"

மாடத்தி இளகின மனசுக்காரி. கூடத்துக்கு வந்து செவனம்மாளின் தோளைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினாள். மொச்சையூரார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"அழறாக" என்றான் ஒச்சப்பன்.

"அப்ப அழு" என்றார் கொப்பையா.

மூன்று பேரும் அழுதார்கள். அழுகையில் செவனம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஒப்பாரிதான், அதுவும் தம்பியை நினைத்துப் பாடுகிறது. மாரில் அடித்துக்கொண்டு அதையே எடுத்தாள். "கூடப் பொறந்த என் கொழுந்தே, அக்காவ விட்டுப் போனியே!"

சங்கிலியாண்டி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். "ஆத்தா, உனக்குத் தம்பிமாரு எத்தனை பேரு?"

"ஒரே தம்பிதான்யா!" என்று செவனம்மாள் கதறினாள்.

எல்லாரும் பூவலிங்கத்தைப் பார்த்தார்கள். வீடே அழுகிறது, அவன் மட்டும் அழவில்லை. தலை தொங்கியிருந்தது. ஆடவில்லை, அசையவில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்திருந்தது.

"ஐயோ, மாப்பிள்ளைதானா!" என்றார் சங்கிலியாண்டி.

செத்தவர் உட்கார்ந்திருக்கிறாரே என்று, அழுகை கேட்டுக் கூடிவிட்ட தட்டாங்காட்டாருக்குத் தோன்றாமல் இல்லை. மொச்சையூரில் உட்காரவைத்துத்தான் அடக்கம் செய்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். செத்தவர் சாப்பிட்டாரே என்றும் ஒருவர் கேட்டார். கடைசிச் சோறு போடுவது எல்லா ஊரிலும் உண்டு என்று மாடத்தி சொன்னாள்.

இந்தச் செய்தியை மொச்சையூரார் நிதானமாக ஆராய்ந்தார்கள்.

"பூவலிங்கம் செத்துட்டான்னு சொல்றாக, மாமா" என்றான் ஒச்சப்பன்.

"அவுக சொல்றத மறுக்கக் கூடாது."

"மறுக்கல. ஆனா காலையில ஆத்தைத் தாண்டும்போது உசுரோட இருந்தானே?"

"அது நம்ம கரை. இந்தக் கரையில நமக்கென்ன தெரியும்? இவுகளுக்குத்தான் தெரியும்." கொப்பையா பூவலிங்கத்தின் பக்கத்தில் குந்தினார். "மாப்ளே, உனக்கு எப்படி இருக்கு?"

"காலு மரத்துப்போச்சு, மாமா" என்றான் பூவலிங்கம், தலையை நிமிர்த்தாமல்.

"கையி?"

"அதுவும்தான்."

கொப்பையா எழுந்துவந்தார். "பரவியிருச்சு" என்றார்.

பூவலிங்கமும் யோசித்துப் பார்த்தான். தன்னைப் பற்றித் தனக்கென்ன தெரியும், கூடிநிற்கிற இத்தனை பேரும் தப்பாகவா சொல்வார்கள்? அவனுக்குச் சாவு வந்ததுகூட வருத்தமில்லை. கடைசி இடமும் கைவிட்டுப் போச்சே என்றுதான் துக்கம். இன்னும் அரைமணி நேரம் உயிரோடு இருந்திருந்தால் தாம்பூலமாவது மாற்றியிருப்பார்கள்.

அப்போது உள்ளறையிலிருந்து தங்கப்பேச்சியின் குரல் வந்தது. "அப்பா, அவுக முகத்த ஒருவாட்டி பாத்துக்கிறேன்." உயிரோடு இருக்கிற மாப்பிள்ளை முன்னால்தான் பெண் வரக் கூடாது, செத்துப்போன மாப்பிள்ளைக்குத் தடையில்லை. அவள் வந்து எதிரில் நின்றாள். பூவலிங்கம் மெல்ல நிமிர்ந்து பார்த்தான். மையெல்லாம் கரைந்து கன்னத்தில் வழிந்திருந்தது. தனக்காக ஒரு பெண் அழுது அவன் பார்த்ததில்லை. செத்தது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு தடவை சிரித்தான்.

"செத்தும் முகத்துல களை போகலையே" என்று தங்கப்பேச்சி குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அடுத்தது அடக்கம். தட்டாங்காட்டில் பிணத்தை எரிப்பார்கள், மொச்சையூரில் புதைப்பார்கள். சங்கிலியாண்டி பெரிய மனிதர். "எங்க ஊர் வழக்கம் வேணாம், உங்க வழக்கப்படியே புதைச்சிருவோம்" என்றார்.

"அதெப்படி? உங்க ஊருக்கு வந்து செத்திருக்கான். எரிக்கிறதுதான் முறை" என்றார் கொப்பையா.

"உங்க மனசு நோகப்படாது. புதைப்போம்."

"உங்க மனசுதான் நோகப்படாது. எரிப்போம்."

ஒச்சப்பன் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு யோசனை சொன்னான். "பாதி எரிச்சு, பாதி புதைச்சிட்டா?"

"எந்தப் பாதி?" என்று கொப்பையா கேட்டார். கடைசியில் பூவலிங்கத்தையே கேட்டார்கள்.

"உங்க இஷ்டம்" என்றான் அவன். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எரிக்கிறதா இருந்தா சட்டையக் கழத்திக்கிறேன், இரவல் சட்டை" என்றான்.

எரிப்பது என்றே முடிவாயிற்று. மூங்கில் வெட்டிப் பாடை கட்டினார்கள். அங்கேயும் ஒரு தடை வந்தது. தட்டாங்காட்டில் பாடையைச் சொந்தக்காரர்தான் தூக்க வேண்டும், வெளியார் தொட்டால் ஊருக்கு ஆகாது. கொப்பையா ஒரு தோள், ஒச்சப்பன் ஒரு தோள், மாமனாராக வரவிருந்தவர் என்று சங்கிலியாண்டி ஒரு தோள். நாலாவது தோளுக்கு ஆள் இல்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் மூன்று மூலையைப் பிடித்துக்கொண்டு நாலாவது மூலையைப் பார்த்தபடி நின்றார்கள்.

தனக்காக இத்தனை பேர் கஷ்டப்படுவதைப் பூவலிங்கத்தால் பொறுக்க முடியவில்லை. எழுந்தான். கால் மரத்திருந்ததால் நொண்டிக்கொண்டே வந்து, "இந்த மூலைய நான் பிடிச்சுக்கிறேன், மாமா" என்றான்.

"நல்ல காலம்!" என்றார் கொப்பையா. "தூக்குங்கப்பா."

நாலு பேரும் பாடையைத் தூக்கினார்கள். பறை முழங்க, பூ எறிய, ஊரே பின்னால் வர, சுடுகாடு போய்ச் சேர்ந்தார்கள். பாடையை இறக்கி வைத்துத் துணியை விலக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை.

"பிணத்தைக் காணோம்!" என்று சங்கிலியாண்டி அலறினார்.

"வழியில விழுந்திருக்கும்" என்றான் ஒச்சப்பன். "வாய்க்கால் பக்கம் வரும்போது லேசாத்தான் இருந்துச்சு. நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

"எனக்கும் லேசாத்தான் இருந்துச்சு" என்றான் பூவலிங்கம்.

ஊரே தேடியது. புதரை விலக்கினார்கள், வாய்க்காலில் இறங்கிக் கையால் துழாவினார்கள். எல்லாரையும்விட அதிகமாகத் தேடியவன் பூவலிங்கம்தான். முள்ளுக்குள் புகுந்து, கல்லைப் புரட்டி, பனைமரத்தில்கூட ஏறிப் பார்த்தான். முழங்கால் எல்லாம் ரத்தம். அதைப் பார்த்த தட்டாங்காட்டுப் பெண்கள், செத்தவர் மேல் இந்த மனுசனுக்கு எவ்வளவு பாசம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கிடைக்கவில்லை. ஆறு கொண்டுபோயிருக்கும் என்று முடிவுசெய்து, தலை முழுகிவிட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

சங்கிலியாண்டி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "எம் மக ராசியில்லாதவன்னு பேராயிருமே. இனி எவன் வருவான்?" கொஞ்ச நேரம் கழித்து ஒரு யோசனை தோன்றி நிமிர்ந்தார். "எங்க ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. பேசின மாப்பிள்ளை தவறிட்டா, அதே வீட்ல வேற மாப்பிள்ளை இருந்தா முடிச்சிருவோம். ஏத்தா, உங்க வீட்ல கல்யாணமாகாத ஆம்பளை வேற யாரும் இருக்காகளா?"

செவனம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு யோசித்தாள். "எனக்கு இருந்தது ஒரே தம்பி. அவன்தான் போயிட்டானே."

"அப்ப இவரு யாரு? பாடைக்குத் தோள் குடுத்தாரே?"

"இவனா? இவன் என் தம்பி."

"கல்யாணமாயிருச்சா?"

"எங்க? ஒரு இடமும் அமையலை."

அவ்வளவுதான் பேச்சு. சங்கிலியாண்டி உள்ளே போய் மகளிடம் கேட்டார். தங்கப்பேச்சி ஜன்னல் வழியாக இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு, "அவுக அளவுக்கு அடக்கம் இல்லதான். ஆனா முகத்துல கொஞ்சம் அவுக சாயல் இருக்கு" என்றாள். தாம்பூலம் மாற்றினார்கள். நல்ல நாளில் கல்யாணமும் நடந்தது. பூவலிங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செத்துப்போனவனை நினைத்தால் மட்டும் கொஞ்சம் பாவமாக இருந்தது, அவன் சாகாவிட்டால் தனக்கு இந்த இடம் கிடைத்திருக்குமா?

அந்தப் பாவம் பார்க்கிற குணம் வெகுநாள் நீடிக்கவில்லை. ஏனென்றால் தங்கப்பேச்சிக்கு எடுத்ததற்கெல்லாம் செத்தவர் நினைப்புதான்.

"குழம்புல உப்பு கூடிருச்சுன்னு இந்தக் கத்து கத்துறீகளே. அவுகளா இருந்தா வாயத் தொறந்திருப்பாகளா? செத்தப்பகூட எம்புட்டு அமைதியா உக்காந்திருந்தாக!"

"அப்ப அவனையே கட்டியிருக்க வேண்டியதுதானே? என்னை எதுக்குக் கட்டினே?"

"அவுகதான் போயிட்டாகளே. வேற வழி?"

"நான் ஒரு நாளைக்கு மூணு குடம் தண்ணி இறைச்சுத் தாறேன். அவன் உனக்கு ஒரு சொம்பு தண்ணி எடுத்துக் குடுத்திருக்கானா?"

"ஆயுசு இருந்திருந்தா குடுத்திருப்பாக" என்று சொல்லி அவள் முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். பூவலிங்கம் கோபித்துக்கொண்டு மாட்டுக்கொட்டகையில் போய்ப் படுப்பான்.

வருஷம் திரும்பியது. செத்தவருக்குத் தெவசம் கொடுக்க வேண்டும், அதைச் செய்ய பூவலிங்கத்தைவிட்டால் நெருங்கின சொந்தம் கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டான். அவருக்கு என்ன பிடிக்கும் என்று தங்கப்பேச்சி கேட்டாள். "கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, பருப்பு வடை, கெட்டித் தயிர்" என்று எரிச்சலோடு சொன்னான். எனக்குப் பிடித்ததெல்லாம் இந்தப் பயலுக்கும் பிடித்திருக்கிறதே என்று அதிலும் அவனுக்குக் கோபம்.

எல்லாம் சமைத்து, சோற்றோடு வடையும் குழம்பும் வைத்து, மதில் மேல் காக்கைக்கு வைத்தார்கள். காக்கை எடுக்காமல் வீட்டில் ஒருவரும் சாப்பிடக் கூடாது. காக்கை வரவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியது. தங்கப்பேச்சி உள்ளே விளக்கைப் பார்க்கப் போனாள். பூவலிங்கம் மட்டும் மதிலுக்கு எதிரில் நின்றான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை, புளிக்குழம்பு வாசனை வேறு. இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். வடையை வாயில் போட்டான். சோற்றையும் வழித்துச் சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தான்.

தங்கப்பேச்சி வெளியே வந்து மதிலைப் பார்த்தாள். ஒரு பருக்கைகூட இல்லை. அவள் கண்ணில் மளமளவென்று நீர் வந்தது.

"வந்துட்டாக!" என்று கைகூப்பினாள். "நான் உள்ள போன நேரம் பாத்து அவுக வந்து சாப்பிட்டுப் போயிட்டாக!"

பூவலிங்கம் துள்ளி எழுந்தான். "நான் இங்க காவல் இருக்கும்போதேவா?" என்று பல்லை நறநறத்து, மூலையில் கிடந்த மாட்டுக் கம்பை எடுத்தான். "எந்தப் பக்கம் போனான், சொல்லு!" என்று கத்திக்கொண்டே தெருவில் இறங்கி ஓடினான்.